முள் போன கதையும் உப்பு வந்த கதையும்

(பண்ணை ஒலிபரப்பில் பேசிய உரை)



மேல்நாடுகளில் பிளாக்பெர்ரி என்று ஒரு பழம் உண்டு. கட்டைவிரல் நுனி அளவு, கன்னங்கரேல் என்று இருக்கும். சிறுசிறு மணிகளைச் சேர்த்து ஒட்டி வைத்தது போலத் தோற்றம். புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை. ஒரு காலத்தில் இந்தச் செடி முழுக்க முள். இன்றைக்கு அதே செடியை முள்ளே இல்லாமல், மூன்று நான்கு அடி உயரத்துக்கு மேல் போகாமல், வாசலில் ஒரு தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள்.

"அந்தப் பழத்துக்கும் ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சம்பந்தம் உண்டு. ஒரு செடியிலிருந்து முள்ளை எடுக்க மனிதன் எத்தனை வருஷம் பாடுபட்டான் என்பது ஒரு கதை. நம்ம பாலாற்றங்கரை மண்ணில் உப்பு எப்படி வந்து ஏறியது என்பது இன்னொரு கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வீட்டுக் கொல்லையில் நாம் என்ன செய்யலாம் என்பது தன்னால் விளங்கும். முதலில் முள் கதையைச் சொல்கிறேன்.

வேலியிலிருந்து தோட்டத்துக்கு

பிளாக்பெர்ரி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேலியோரங்களில் தானாக முளைத்துப் படர்ந்த செடி. நம்ம ஊரில் வேலியோரம் சூரைமுள்ளும் இலந்தையும் கிடக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழம் பழுக்கும் காலத்தில் பிள்ளைகளும் பெண்களும் கூடையோடு போய்ப் பறித்து வருவார்கள். கையெல்லாம் கீறல், துணியெல்லாம் கிழிசல். சும்மா கிடைக்கிற பழத்துக்கு யார் நிலத்தை ஒதுக்குவார்கள்? அதனால் வெகுகாலம் அதை யாரும் பயிராக நினைக்கவில்லை. 1850-களில்தான் அமெரிக்காவில் நல்ல பழம் தரும் செடிகளைத் தேர்ந்தெடுத்து, பெயர் வைத்து, தோட்டத்தில் நட ஆரம்பித்தார்கள்.

இந்தச் செடியின் சுபாவம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேர் பல வருஷம் உயிரோடு இருக்கும். ஆனால் மேலே வரும் கொம்புக்கு ஆயுசு இரண்டே வருஷம். முதல் வருஷம் கொம்பு வளரும். நடுவில் குளிர்காலத்தைக் கடக்கும். இரண்டாம் வருஷம் பூத்துக் காய்த்து, பிறகு காய்ந்து போகும். காய்ந்த கொம்பை ஒவ்வொரு வருஷமும் அறுத்து எடுத்தாக வேண்டும். முள் நிறைந்த கொம்பைக் கட்டவும் அறுக்கவும் வேலையாள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முள்ளில்லாத செடி வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

இந்தியாவிலிருந்து போன விதை

இந்தக் கதையில் நம்ம நாட்டின் பெயரும் வருகிறது, கேளுங்க. கலிபோர்னியாவில் லூதர் பர்பேங்க் என்று ஒரு பெயர் பெற்ற செடி வளர்ப்பாளர் இருந்தார். இந்தியாவிலிருந்து வந்த விதைகளை முளைக்க வைத்து, அதில் பெரிய பழம் தரும் ஒரு செடியைப் பொறுக்கி எடுத்து, 1885-இல் 'இமாலயா ஜயன்ட்' என்று பெயர் வைத்து வெளியிட்டார். பிற்பாடு தாவர நூல் வல்லவர்கள் ஆராய்ந்து, அது இமயமலைச் செடியே இல்லை, ஆர்மீனியா பக்கத்துச் செடி என்று கண்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு விட்டது.

பழம் நல்ல பழம்தான். ஆனால் முள் கடுமையான முள். பறவை தின்று விதையைப் போட்ட இடமெல்லாம் முளைத்தது. கொம்பின் நுனி தரையைத் தொட்ட இடமெல்லாம் வேர்விட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆற்றோரம், மேய்ச்சல் நிலம், ரயில் பாதை ஓரம் என்று எங்கும் பரவி, இன்றைக்கு ஆரிகான், வாஷிங்டன் மாநிலங்களில் அது ஒரு பெரிய களை.

நமக்கு இது புதுக் கதையா? நம்ம பக்கம் வேலிக்காத்தான் என்கிறோமே, அந்தச் சீமைக் கருவேலும் இப்படி வந்ததுதான். 1877-இல் நமக்கு வடக்கே கடப்பைப் பக்கம் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் கொண்டு வந்து நட்டார்கள். இன்று பாலாற்று மணலிலேயே காடாய் நிற்கிறது. வெளியிலிருந்து வரும் செடியை நடுவதற்கு முன்னால், அது எப்படிப் பரவும் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

தோல் மட்டும் மாறிய கொம்பு

முள்ளில்லாத செடியை முதலில் கொடுத்தது ஆராய்ச்சிக்கூடம் என்று நினைக்காதீங்க. 1926-இல் ஆரிகான் மாநிலத்தில், 'எவர்கிரீன்' என்னும் முள் ரகத்துக்கு நடுவே முள்ளில்லாமல் ஒரு கொம்பு வளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. அதை வெட்டி எறியாமல் பதியம் போட்டுப் பெருக்கினார்கள். 'தார்ன்லெஸ் எவர்கிரீன்', அதாவது முள்ளில்லா எவர்கிரீன் என்று பெயர் பெற்று, அந்த மாநிலத்தில் வெகுகாலம் முக்கிய ரகமாக இருந்தது.

ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருந்தது. கொம்பை வெட்டி வைத்தால் முள்ளில்லாத செடி வரும். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்று முள்ளோடு வரும். விதை போட்டாலும் முள்தான். காரணம் என்னன்னா, செடியின் தண்டு அடுக்கடுக்காக வளர்கிறது. அந்தக் கொம்பில் மேல் அடுக்கு மட்டும்தான் மாறியிருந்தது. முள் என்பது மேல்தோலில் கிளம்புவது. அதனால் தோல் மாறினதும் முள் போய்விட்டது. உள்ளே இருக்கும் சதை பழையபடியே இருந்தது. வேர்க்கன்று உள் அடுக்கிலிருந்து புறப்படுகிறது. ஆகவே பழைய முள் திரும்பி வந்துவிடுகிறது.

எலுமிச்சை ஒட்டுக்கும் ரோஜா ஒட்டுக்கும் கீழே காட்டுக்கிளை கிளம்பினால் நாம் கிள்ளிப் போடுகிறோம் இல்லீங்களா, அதே மாதிரி அவர்களும் வேர்க்கன்றைக் கண்டதும் பிடுங்கிப் போட்டார்கள். மண்வெட்டி பட்டு வேர் அறுந்தால் போதும், அடுத்த மாசம் முள் எட்டிப் பார்க்கும்.

நாற்பது வருஷத்துக் காத்திருப்பு

முள்ளில்லாத குணம் செடி முழுக்க இருக்க வேண்டும் என்றால், அது விதை வழியாக வர வேண்டும். இங்கிலாந்தில் மெர்ட்டன் என்னும் ஊரில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையம் இருந்தது. அங்கே இயற்கையிலேயே முள்ளில்லாத ஒரு காட்டுச் செடியை எடுத்து, முள்ளுள்ள ரகத்தோடு இணைத்தார்கள். முதல் தலைமுறையில் பிறந்த கன்றுகள் எல்லாம் முள்ளோடு வந்தன. அந்த இடத்தில் பலபேர் மனம் விட்டிருப்பார்கள். அவர்கள் விடவில்லை. முள்ளில்லாத குணம் ஒளிந்து நிற்கும் குணம். தாத்தாவின் சாடை மகனிடம் தெரியாமல் பேரனிடம் தெரிகிற மாதிரி, அடுத்த தலைமுறையில் சில கன்றுகள் முள்ளில்லாமல் பிறந்தன. அதிலிருந்து வந்த ரகம்தான் 'மெர்ட்டன் தார்ன்லெஸ்'. இது வேரிலும் முள்ளில்லாத ரகம்.

இந்த மெர்ட்டன் ரகத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை வாங்கி, தன் ரகங்களோடு இணைத்து, 1966-இல் 'ஸ்மூத்ஸ்டெம்', 'தார்ன்ஃப்ரீ' என்ற இரண்டு முள்ளில்லா ரகங்களை வெளியிட்டது. 1926-இல் கண்ணில் பட்ட கொம்பிலிருந்து கணக்குப் போட்டால் சரியாக 40 வருஷம். இந்த ரகங்கள் கொடி போலச் சாய்ந்து படரும். பந்தல் கம்பி கட்டித் தாங்க வேண்டும். அதன் பிறகு ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தார் நிமிர்ந்து நிற்கும் முள்ளில்லா ரகமாக 'நவஹோ'வை 1980-களின் கடைசியில் வெளியிட்டார்கள். முள்ளும் இல்லாமல், முதல் வருஷக் கொம்பிலேயே காய்க்கவும் செய்கிற 'பிரைம்-ஆர்க் ஃப்ரீடம்' 2010-களில் வந்தது. தொட்டிக்கென்றே குட்டையாக வளரும் 'பேபி கேக்ஸ்' என்ற ரகமும் அதே காலத்தில் சந்தைக்கு வந்தது.

ஒரு முள்ளைக் கழற்ற எத்தனை பேர், எத்தனை தலைமுறை பாருங்க. ஆனாலும் கடைசியில் கழற்றி விட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரில் வருமா?

இனிமேல் உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் செடியை வாங்கி வேலூரிலோ ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வைத்தால் காய்க்குமா?

முதல் தடை, குளிர். இந்தச் செடிகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் உறங்க வேண்டியவை. 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழான குளிரில், ரகத்துக்கு ஏற்றபடி சுமார் 300 மணி நேரத்திலிருந்து 900 மணி நேரம் வரை கிடந்தால்தான் அடுத்த பருவத்தில் ஒழுங்காக மொட்டு விரியும். நம்ம ஊரில் மார்கழி, தை மாசத்து ராத்திரியில்கூட 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். முதல் வருஷக் கொம்பில் காய்க்கும் ரகத்துக்கு இந்தக் குளிர் அவ்வளவாகத் தேவையில்லைதான். ஆனால் பூக்கும் காலத்தில் நம்ம கத்தரி வெயில் அடித்தால் பிஞ்சு பிடிக்காது.

இரண்டாவது தடை, உப்பு. மண் பரிசோதனைச் சீட்டில் 'மின் கடத்தும் திறன்' என்று ஒரு எண் போட்டுத் தருவார்கள். மண்ணில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் எண் அது. மண் சாற்றில் அந்த எண் 1.5 டெசி சைமனைத் தாண்டினாலே பிளாக்பெர்ரியின் மகசூல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாக மகசூல் போகும். உப்புக்கு மிகவும் பயப்படும் செடிகளில் அது ஒன்று.

குளிர் இல்லாதது இயற்கை. அதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் இந்த உப்பு பாதிக்கு மேல் நாமே கொண்டு வந்து சேர்த்தது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஆவாரம் பட்டையிலிருந்து குரோமியம் வரை

நம்ம பக்கத்தில் தோல் தொழில் வேரூன்றியதற்கு ஒரு செடிதான் காரணம் என்றால் நம்புவீர்களா? ஆவாரஞ்செடி! தரிசிலும் கரம்பிலும் தானாக மஞ்சள் பூ பூத்து நிற்கிற அதே ஆவாரம். அதன் பட்டையில் தோலைப் பதமாக்கும் துவர்ப்புச் சத்து உண்டு. ஆவாரம் பட்டை, கொன்னைப் பட்டை, கடுக்காய் இவற்றால் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போயிற்று. பட்டை உரித்து விற்பது ஏழைக் குடும்பத்துக்கு ஒரு கூலியாகவும் இருந்தது. பாலாற்றில் ஊற்றுத் தண்ணீர், கரம்பில் ஆவாரம், பக்கத்தில் ரயில் பாதை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றை ஒட்டியே தொழில் வளர்ந்தது.

பட்டை போட்டுப் பதனிட்ட காலத்திலும் கழிவுநீர் இருந்தது. ஆனால் அளவு குறைவு. குரோமியம் என்னும் உலோக உப்பால் பதனிடும் முறை 1900-களின் தொடக்கத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டது. 1970-களில் அரசு, பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முழுத் தோலாகவும் செருப்பு, பையாகவும் செய்து அனுப்பச் சொன்னது. வேலையும் அந்நியச் செலாவணியும் பெருகின. அதோடு சேர்ந்து தண்ணீர்ச் செலவும் ரசாயனச் செலவும் பெருகின.

குரோமியம் என்ற பெயர் பலருக்குத் தெரியும். ஆனால் கழனியைப் பாழாக்கியதில் முதல் எதிரி சாதாரணச் சோற்று உப்புதான். ஆடு மாட்டை உரித்த பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிடுவார்கள். நூறு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 40 கிலோ உப்பு. ஆலைக்கு வந்ததும் அந்தத் தோலை ஊற வைத்து உப்பை வெளியேற்றுவார்கள். அந்தத் தண்ணீர் ஓடைக்கும், ஏரிக்கும், ஆற்று மணலுக்கும் போயிற்று. மணலில் இறங்கி, ஊற்றில் கலந்து, கிணற்றுக்கு வந்தது. ஏற்றமும் கவலையும் போய் மோட்டார் வந்த காலம் அது. கீழே போன உப்பையே மேலே இறைத்து நாமே கழனியில் பாய்ச்சினோம். உப்பிலுள்ள சோடியம் மண்ணைக் கட்டிப் போடும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. வேருக்குக் காற்று போகாது. தென்னை குரும்பை கொட்டியது, நெல் பதராயிற்று. குடிக்கவே வேறு இடத்துத் தண்ணீரைத் தேட வேண்டியதாயிற்று.

உச்ச நீதிமன்றம் போன வழக்கு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்று வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. ஒரு ஹெக்டேர் இரண்டரை ஏக்கர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு நியாயங்களை நாட்டுச் சட்டமாகவே வைத்தார்கள். ஒன்று, கெடுதி வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இரண்டு, கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு நாட்டில் எந்த மூலையில் ஆற்று மாசு வழக்கு நடந்தாலும் இந்த வேலூர்த் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். நம்ம கழனி கெட்டதில் நாட்டுக்கு ஒரு சட்டம் கிடைத்தது என்று சொல்லலாம்.

தீர்ப்புப்படி ஒரு ஆணையம் அமைத்துக் கணக்கெடுத்தார்கள். 2001-இல் வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு என்று முடிவாயிற்று. கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களும் வந்தன. அப்படியும் குறை தீராமல், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாறு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்லி, நஷ்ட ஈடு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கவும், கெடுதலைச் சரி செய்யவும், மேற்பார்வைக்குக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் வழக்குக்கும் இதற்கும் நடுவே 34 வருஷம். அன்று கழனியைக் காட்டி மனுக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்?

தோல் தொழிலை நான் பழிக்க வரவில்லை. நம்ம கிராமத்துப் பெண்களில் ஆயிரக்கணக்கானவர்கள் செருப்புக் கம்பெனி வேன் ஏறித்தான் சம்பாதிக்கிறார்கள். ஆனால் கணக்கு கணக்குதான். செடியின் முள்ளை நீக்கப் பொறுமையும் கூர்ந்த கண்ணும் போதுமானதாக இருந்தன. மண்ணில் ஏறிய உப்பை நீக்கப் பணமும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும், பல வருஷமும் வேண்டும். நல்ல தண்ணீர்தானே இங்கே இல்லை!

தொட்டி என்பது சிறு நிலம்

அதுவரைக்கும் நம்ம பிள்ளைகள் பழம் தின்னாமல் இருப்பதா? இங்கேதான் அந்த மேல்நாட்டுத் தொட்டி நமக்கு வழிகாட்டுகிறது. செடியை அவர்களிடமிருந்து வாங்க வேண்டாம். தொட்டி வைக்கும் யோசனையை மட்டும் வாங்கிக்கொள்வோம். தொட்டி என்பது நாமே மண்ணும் தண்ணீரும் தேர்ந்தெடுக்கிற ஒரு சிறு நிலம். கிணறு உப்பானாலும் அந்தச் சிறு நிலத்தை உப்பில்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

கறுப்புப் பழத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. முதலில் களா. பழுத்தால் கறுத்துப் போகும் நம்ம களாப்பழத்துக்கு ராஜ மரியாதையே உண்டு. சங்க காலத்தில் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்று ஒரு சேர அரசன். பதிற்றுப்பத்தில் நாலாம் பத்து அவனைப் பாடியது. முடிசூடும் வேளையில் உண்மையான முடியும் கண்ணியும் பகைவர் கையில் இருந்ததால், களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து சூடிக்கொண்டான் என்று காரணம் சொல்வார்கள். வெயிலையும், ஓரளவு உப்பையும் தாங்கும் செடி களா. முள் மட்டும் கடுமை. ஆகவே அதைப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் வைக்காமல் வேலியோரம் வைப்பது நல்லது. பழத்திலிருந்து எடுத்த விதையைக் காயப் போட்டு வைக்காமல் உடனே ஊன்ற வேண்டும். காய் ஊறுகாய்க்கு, கனி தின்பதற்கு.

முள்ளே கூடாது என்பவர்களுக்கு மல்பெரி இருக்கிறது. முசுக்கட்டை என்று சொல்வதும் அதைத்தான். பட்டுப்பூச்சிக்கு இலை கொடுக்கிற செடி என்றுதான் நமக்குப் பழக்கம். திப்பு சுல்தான் காலத்தில் மைசூர்ச் சீமையில் பட்டு வளர்ப்பு பரவியது. அங்கிருந்து நம்ம எல்லைக்கும் வந்தது. ஆனால் அதன் பழமும் நல்ல பழம். வெள்ளையாய்த் தொடங்கி, சிவந்து, கறுத்தபின் தேனாய் இனிக்கும். முள் கிடையாது, குளிரும் கேட்காது. வெட்ட வெட்டக் குட்டையாக நிற்கும். மேல்நாட்டார் நூறு வருஷம் பாடுபட்டுத் தேடிய குணம் எல்லாம் இந்தச் செடியில் ஏற்கெனவே இருக்கிறது.

வைக்கும் விதம்

நன்றாகக் காய்க்கிற மரத்தைப் பார்த்து அதிலிருந்தே போத்து வெட்டுங்கள். இலைக்காக வளர்க்கிற தோட்டத்துச் செடி சிலது காய்க்காமலே போகும். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு இருக்கட்டும். ஒரு கணு வெளியே தெரியும்படி சாய்வாக ஊன்றி நிழலில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து வேர் பிடித்ததைத் தொட்டிக்கு மாற்றலாம்.

தொட்டி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இருந்தால் போதும். அடியில் ஓட்டை கட்டாயம். அதன்மேல் உடைந்த ஓட்டுச் சில்லு. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு எரு ஒரு பங்கு. இரண்டு விஷயத்தில் நம்ம வட்டாரத்துக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கழிவுநீர் போய்ச் சேர்ந்த ஏரியின் வண்டலைத் தொட்டிக்குப் போடாதீங்க. வண்டல் என்ற பெயரில் உப்பும் உலோகமும் சேர்ந்து வரும். அடுத்து, ரசாயனம் வந்த பிளாஸ்டிக் பீப்பாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் செடி வைப்பதும், குடிக்கவோ பாய்ச்சவோ தண்ணீர் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் எங்கே போவது? கூரையைப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர். வேலூரில் ஒரு வருஷத்தில் 90 சென்டிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. பாதி வீணானாலும் அந்தச் சிறு கூரையிலிருந்து 4,000 லிட்டர் கிடைக்கும். நான்கு தொட்டிக்குத் தினம் நான்கு நான்கு லிட்டர் என்றால், கோடை 100 நாளைக்கு 1,600 லிட்டர்தான் செலவு. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழாய் வைத்தோம். அந்தக் குழாயைச் சுத்தம் செய்து, முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையை மூடியுள்ள தொட்டியில் பிடித்து வையுங்கள். கொசு வராமல் வலை கட்டுங்கள்.

தொட்டி விளிம்பிலோ மண்ணின் மேலோ வெள்ளையாகப் பூத்தது போலத் தெரிந்தால் அது உப்பு. மழைத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடி ஓட்டை வழியாக வடியவிட்டு, அந்த வடிநீரைத் திரும்பச் செடிக்கு ஊற்றாமல் வெளியே விட வேண்டும். பழம் முடிந்ததும் கிளைகளைக் குட்டையாக வெட்டி, ஒரு கூடை எரு போட்டால், புதுத் தளிரோடு பிஞ்சும் வரும்.

கிணற்றுத் தண்ணீரைத்தான் பாய்ச்ச வேண்டும் என்கிற நிலை இருந்தால், முதலில் பரிசோதனை செய்யுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக் கூடமும் இருக்கிறது. ஒரு சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு தடவை அலசி, மோட்டார் பத்து நிமிஷம் ஓடியபின் பிடித்துக் கொடுங்கள். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் சேர்த்து வைத்த சீட்டு, நாளைக்கு நஷ்ட ஈடு கேட்கப் போகும்போது உங்கள் பக்கத்துச் சாட்சி.

எடுக்கக் கூடாத முள்

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. எல்லா முள்ளையும் எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னதாக நினைக்க வேண்டாம். அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடிக் கத்தரிக்காய் உங்களுக்குத் தெரியும். காம்பிலும் இலையிலும் தண்டிலும் முள். பறிக்கிற கை எரியும். ஆனாலும் சந்தையில் வாங்குகிறவர்கள் முதலில் காம்பில் முள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 2023-இல் 'வேலூர் முள்ளு கத்தரி' என்று அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே முள்தான் கையெழுத்து. அந்த விதையைத் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்துக் காப்பாற்றியது நம்ம உழவர்கள். ஆரிகானில் முள்ளில்லாக் கொம்பை எறியாமல் வைத்த கண்ணும், இலவம்பாடியில் நல்ல காயை விதைக்கு விட்ட கண்ணும் ஒரே கண்தான்.

உங்கள் தோட்டத்திலும் வேலியிலும் வழக்கத்துக்கு மாறாக ஒரு கிளை தெரிந்தால், ஒரு பழம் கூடுதலாக இனித்தால், வெட்டும் முன் நின்று பாருங்கள். ஒரு போத்து எடுத்துத் தொட்டியில் ஊன்றுங்கள். அந்தத் தொட்டிக்கு மட்டுமாவது உப்பில்லாத தண்ணீரை ஊற்றுங்கள். முள்ளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். உப்பை உள்ளே விட்டுவிட்டால் எடுப்பது பெரும்பாடு. இந்த வருஷத்து முதல் மழைக்கு முன்னால் கூரைக் குழாயை ஒரு தடவை பார்த்து வைத்துவிடுங்கள்.